கொழும்பின் ஃபங்க், சோல் ஜாஸ் இசைக்குழுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஃபங்க், சோல் ஜாஸ் வாசிக்கும் குழுக்கள் இருக்கின்றன என்பதே நம்மவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. கேட்க வர விரும்புவோர், வாசிக்க விரும்பும் இளைஞர்கள், அவர்களின் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபங்க் என்பது என்ன? கேட்டவுடன் அதை எப்படி இனங்காண்பது?

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடையே உருவான ஆட்ட இசை இது. அதற்கு முந்திய ரிதம் அன்ட் புளூஸ் பாடல்களில் தாளத்தின் அழுத்தம் இரண்டாம், நான்காம் அடிகளில் விழுந்தது. ஜேம்ஸ் பிரவுன் 1965 முதல் 1967 வரை வெளியிட்ட இசைத்தட்டுகளில் அந்த அழுத்தத்தை முதல் அடிக்கு நகர்த்தினார். சுருதிக் கோவைகளின் (கோர்ட்) மாற்றத்தைக் குறைத்து, சில வேளைகளில் ஒரே கோவையிலேயே பல நிமிடங்கள் நின்று, கிற்றார், ஊதுகருவிகள், குரல் என எல்லாவற்றையும் தாளக் கருவிகளைப் போலவே நடத்தினார். ஃபங்க் என்று இன்று நாம் அழைப்பதன் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது.

இனங்காணும் வழி எளிது. பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிற்றாரையும் ட்ரம்ஸின் பெரிய மேளத்தையும் மட்டும் கவனியுங்கள். இரண்டும் முதல் அடியில் ஒன்றாக விழும். அதன் பின் பேஸ் கிற்றார் சற்றுச் சுற்றித் திரிந்துவிட்டு, அடுத்த முதல் அடிக்குச் சரியாக வீடு திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் ட்ரம்ஸ்காரரின் இடது கை ஸ்னேர் மேளத்தின் மீது, அடித்தாரோ இல்லையோ என்று ஐயுறும் அளவுக்கு மெல்லிய அடிகளைத் தூவிக்கொண்டிருக்கும். இந்த மெல்லிய அடிகள் இல்லாவிட்டால் அதே தாளம் அணிவகுப்பு மேளம்போல் ஒலிக்கும். கொழும்பில் ஒரு குழு நல்ல குழுவா என்று அறிய நான் முதலில் காது கொடுப்பது இந்த மெல்லிய அடிகளுக்குத்தான்.

சோல் ஜாஸ் வேறா?

வேறுதான், ஆனால் நெருங்கிய உறவு. 1950களின் பிற்பகுதியில், ஜாஸ் கலைஞர்கள் சிலர் தாம் வளர்ந்த தேவாலயங்களின் பாட்டையும் புளூஸையும் தம் வாசிப்புக்குள் கொண்டுவந்தனர். ஹொறஸ் சில்வரின் பியானோவும், கெனன்போல் அடர்லியின் சாக்சபோனும், ஜிம்மி ஸ்மித்தின் ஹமொன்ட் என்ற மின் ஓர்கனும் இதன் தொடக்கக் குரல்கள். ஓர்கன், கிற்றார், ட்ரம்ஸ் என்ற மூவர் குழு இந்த இசையின் தனி அடையாளம். அங்கே பேஸ் கிற்றார்காரர் இருக்க மாட்டார். ஓர்கன் வாசிப்பவரின் இடது கையும் பாதமுமே அந்த வேலையைப் பார்க்கும். இது ஃபங்கைவிடச் சற்று நிதானமானது, தனி வாசிப்புக்கு அதிக இடம் தருவது. கொழும்புக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாலையில் இரண்டையும் வாசிப்பதால், கேட்பவருக்கு எல்லைக்கோடு தெரிய வேண்டிய அவசியமில்லை.

இந்த இசை கொழும்புக்கு எப்படி வந்தது?

கொழும்பு துறைமுக நகரம். கப்பலில் வந்த இசைத்தட்டுகளும், கப்பலில் வாசித்த கலைஞர்களும், காலிமுகத்திடல் ஹோட்டலும் மவுண்ட் லவினியா ஹோட்டலும் நடத்திய நடன இரவுகளும் மேற்கத்திய ஆட்ட இசைக்கு இங்கே ஒரு நிலையான வேலைச் சந்தையை உருவாக்கியிருந்தன. ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் பியானோ வாசிப்பது வீட்டுப் பழக்கமாக இருந்தது. கோவாவிலிருந்து வந்தவர்கள், மலாயர், கொட்டாஞ்சேனை, நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர், பொலிஸ் மற்றும் படையினரின் வாத்தியக் குழுக்களில் பயின்றவர்கள் எனப் பலதரப்பட்டோர் இந்த நடனக் குழுக்களில் சேர்ந்து வாசித்தார்கள்.

இரண்டாவது காரணம் வானொலி. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலிச் சேவை, பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்து 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தபோது, இந்திய வானொலி ஒலிபரப்பத் தயங்கிய பாடல்களைத் துணைக்கண்டம் முழுவதும் கேட்க வைத்தது. தமிழ்ச் சேவையின் மயில்வாகனனாரையும் பின்னாளைய அறிவிப்பாளர்களையும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அதே கட்டடத்தின் ஆங்கிலச் சேவை அமெரிக்காவின் புதிய இசையையும் ஒலிபரப்பியது.

மூன்றாவது, பனிப்போர்க் கால இராஜதந்திரம். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஜாஸ் கலைஞர்களைத் தூதுவர்களாக அனுப்பிய அந்த ஆண்டுகளில், டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1958இலும் டியூக் எலிங்டனின் பெரிய வாத்தியக் குழு 1963இலும் இலங்கைக்கு வந்தன. எலிங்டனின் ஊதுகருவி வரிசையை நேரில் கேட்கும் வாய்ப்பு இந்தத் தீவின் கலைஞர்களுக்குக் கிடைத்தது என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

1960களில் ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் ஆங்கிலப் பாடல்களால் மண்டபங்களை நிறைத்தன. மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் நிலைநிறுத்தினார். 1970இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழு அடுத்த ஐம்பது ஆண்டுகள் மேடையில் நின்றது. அந்த எழுபதுகளில் உலகம் முழுவதும் பரவிய ஃபங்க், இங்கும் பீட் ஷோ மேடைகளிலும் சிறிய இசைத்தட்டுகளிலும் பாடல்களின் இடையிசையாக நுழைந்தது. தனியொரு ஃபங்க் இயக்கம் அப்போது இருந்தது என்று சொல்வது மிகைப்படுத்தலாகும். இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவுக்கும் பொப்புக்கும் நடுவே வந்துபோன பேஸ் கிற்றார் வரிகளாகவும் ஊதுகருவி வெட்டுகளாகவும் அது வாழ்ந்தது.

பிறகு ஏன் அது தேய்ந்தது?

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படத் தொடங்கினர்; அவர்களோடு பியானோக்காரரும் சாக்சபோன்காரரும் போயினர். 1983 ஜூலைக்குப் பின் தமிழ்க் கலைஞர்கள் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் சென்னைக்கும் சிதறினர். 1977இன் திறந்த பொருளாதாரம் ஹோட்டல்களையும் ஒலிநாடாக்களையும் கொண்டுவந்து வேலையைக் கூட்டியது உண்மைதான், ஆனால் போர் ஆண்டுகளின் ஊரடங்குகளும் சோதனைச்சாவடிகளும் இரவு இசையை நெரித்தன. பத்துப் பேர் இருந்த குழு ஐவராகி, ஐவர் இருவராகி, இறுதியில் ஒரு கீபோர்டும் ஒரு பாடகியும் எஞ்சிய ஹோட்டல் முகப்புக் கூடங்களை இந்த நகரம் நிறையவே பார்த்திருக்கிறது.

2009இல் போர் முடிந்த பின் நிலைமை மாறியது. சிறிய விடுதிகள் நேரடி இசைக்கு இடம் தந்தன. வெளிநாட்டில் இசை பயின்றவர்கள் சிலர் திரும்பி வந்து கற்பிக்கத் தொடங்கினர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், 2020இன் கொள்ளைநோயும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் அடுத்தடுத்து வந்து இந்த மலர்ச்சியைச் சிதைத்தன. தாக்குதலுக்கு உள்ளான இடங்களில் ஹோட்டல்களும் இருந்தமையால், குழுக்களின் முதன்மையான வருமானம் ஒரே நாளில் நின்றுபோனது. இவ்வளவுக்குப் பின்னரும் குழுக்கள் எஞ்சியிருக்கின்றன என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

எந்தக் குழுக்களைக் கேட்கலாம்?

ஃபங்க்சுவேஷன் என்ற குழு பெயரிலேயே தன் இசையைச் சொல்லிவிடுகிறது. திரிலோகா, உள்ளூர் இசைக்கூறுகளை ஜாஸோடும் ரொக்கோடும் இணைத்த குழு. பலிஃபொனிக்ஸ் ஃபங்க் குழு அல்ல. கிரகங்களைச் சாந்தப்படுத்தும் தென்னிலங்கைப் பலிச் சடங்கின் மேளக் கலைஞர்கள் ஜாஸ் கருவிகளோடு சேர்ந்து வாசிக்கும் முயற்சி. ஆயினும் இந்நகரத்து ஜாஸ் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைவிடத் துணிச்சலான சான்று கிடைப்பது அரிது. குழுக்களின் ஆட்கள் அடிக்கடி மாறுவதால், பெயரைவிட வாசிப்பவர்களைப் பின்தொடர்வதே பயன் தரும்.

எங்கே கேட்பது? குடும்பத்தோடு போகலாமா?

காலி வீதியில், கொழும்பு 3இல் உள்ள பெயார்ஃபுட் நிலையத்தின் முற்றத்துச் சிற்றுண்டிச்சாலை, ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஜாஸுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மரநிழலில், பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளோடு அமர்ந்து கேட்கக்கூடிய இடம் அது. அமர்ந்து கேட்கும் கச்சேரிகள் லயனல் வென்ட் அரங்கிலும், கலாசார நிலையங்களின் மண்டபங்களிலும் நடைபெறுகின்றன. ஏப்ரல் 30 உலக ஜாஸ் தினம் என்பதால் அதையொட்டிய வாரங்களில் நிகழ்ச்சி விளம்பரங்களைக் கவனியுங்கள். மற்றைய இரவுகள் பெரும்பாலும் மதுச்சாலைகளிலும் ஹோட்டல்களிலும்தான். மது அருந்தாமல் ஒரு எலுமிச்சைச் சாறோடு கடைசிவரை அமர்ந்திருப்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போயா (பௌர்ணமி) தினங்களில் மது விற்பனைக்குத் தடை இருப்பதால் அந்த இரவுகளில் இவ்விடங்களில் பெரும்பாலும் இசையும் இருப்பதில்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் திரும்புவோர், இரவு பதினொரு மணிக்குப் பின் காலி வீதி பஸ்கள் அருகிவிடும் என்பதை மனதில் வைத்து முன்கூட்டியே முச்சக்கர வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இதில் தமிழர்களுக்கு என்ன இடம்?

தமிழர்கள் இதில் விருந்தாளிகள் அல்ல. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களில் தமிழில் பாடி, கீபோர்டும் பேஸ் கிற்றாரும் வாசித்து வளர்ந்தவர்கள் பல தலைமுறைகளாக இந்நகரத்துக் குழுக்களில் இருக்கிறார்கள். ஹமொன்ட் ஓர்கன் 1935இல் சந்தைக்கு வந்தபோது, குழல் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களே அதன் முக்கிய வாடிக்கையாளராகக் கருதப்பட்டன. சோல் ஜாஸின் தொடக்கக் குரல்களில் ஒன்று அந்த ஓர்கன். ஆகவே பூசையில் ஓர்கன் வாசிக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை சோல் ஜாஸுக்கு வரும்போது, தன் வீட்டின் இன்னோர் அறைக்குள் நுழைவதாகவே கொள்ளலாம்.

அதோடு, இலங்கைத் தமிழ்ப் பொப் இசை என்ற மரபு நமக்கென்றே உண்டு. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் எழுபதுகளில் அதைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பினார்கள். அதன் தாளம் பெரும்பாலும் பைலாவினுடையது. ஆனால் கிற்றார், ட்ரம்ஸ், மேடை, ஆட்டம் என்ற அமைப்பு முழுவதையும் தமிழில் சாத்தியமாக்கிக் காட்டியது அதுவே. 1983 இந்த மரபை இடைமுறித்தது. அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பைலாவுக்கும் ஃபங்குக்கும் என்ன வேறுபாடு?

பைலா ஆறு சிறு அடிகளை மும்மூன்றாக இரண்டு கூறிட்டு ஓடுவது; நம் கணக்கில் திஸ்ர நடை. போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காபிர் மக்களின் ஆட்டப் பாட்டிலிருந்து வந்த அந்த ஓட்டத்தை, வொலி பஸ்தியன் சிங்களப் பாடல்களுக்குப் பொருத்தினார். ஃபங்க் ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரிப்பது, சதுஸ்ர நடை. பைலாவில் வளர்ந்த ட்ரம்ஸ்காரர் ஃபங்க் வாசிக்கும்போது, அந்த நான்கு சமமாக விழாமல் மூன்றின் சாய்வு சற்றே கலந்துவிடும். சில ஆசிரியர்கள் இதைப் பிழையென்று திருத்துவார்கள். நான் அதை ரசிக்கிறேன். கொழும்புக் குழுவை வேறெந்த நகரத்துக் குழுவிலிருந்தும் பிரித்துக் காட்டும் சாய்வு அது.

பிக் மெட்ச் மைதானங்களில் ட்ரம்பெட்டும் மேளமுமாக முழங்கும் பப்பரேயையும் இங்கே சொல்ல வேண்டும். பாடசாலை மேற்கத்திய வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் பிடித்து, கிரிக்கெட் போட்டியில் வெயிலில் நின்று மணிக்கணக்காக ஊதிய உதடுகள்தான் பின்னர் ஃபங்க் குழுவின் ஊதுகருவி வரிசைக்கு வருகின்றன. நுணுக்கம் பிறகு சேரும்; மூச்சும் துணிவும் அங்கேயே வந்துவிடுகின்றன.

என் மகள் கர்நாடக இசையும் மகன் மிருதங்கமும் பயில்கிறார்கள். அது இதற்கு உதவுமா, இடைஞ்சலா?

மிகவும் உதவும். மேற்கத்திய இசை மட்டும் கற்ற பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு உண்டு. ஆதி தாளத்தில் பாட்டின் எடுப்பு, அதாவது தொடக்கம், தாளத்தின் முதல் அடியான சமத்திலேயே விழ வேண்டும் என்பதில்லை. எத்தனையோ கீர்த்தனைகள் சமம் கடந்து அரை இடம், முக்கால் இடம் தள்ளித் தொடங்குகின்றன. கை சமத்தில் தட்டும், வாய் அப்போது மௌனமாக இருக்கும். ஃபங்கில் பாடகரும் ஊதுகருவிகளும் செய்வது பெரும்பாலும் இதையேதான். முதல் அடியைப் பேஸ் கிற்றாருக்கும் பெரிய மேளத்துக்கும் விட்டுக்கொடுத்து, அதன் பிறகே நுழைவார்கள். சமத்தை மனதில் வைத்துக்கொண்டு அதை ஒலிக்காமல் விடுவதற்குப் பழகிய பிள்ளைக்கு, இந்த இசையின் கடினமான பாடம் ஏற்கனவே கைவந்திருக்கிறது.

வேறுபாடு ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் கணக்குகள் வளர்ந்து, கோர்வை என்ற முடிப்புக் கணக்கு மும்முறை வந்து, நெடுநேரக் காத்திருப்புக்குப் பின் சமத்தில் இறங்கும்போது சபை கைதட்டும். ஃபங்கில் நான்கு அடிக்கு ஒருமுறை சமம் வருகிறது, ஒவ்வொரு முறையும் அதே கனத்தோடு வருகிறது. வித்தை காட்டிப் பழகிய கை, இங்கே ஒரே வரியைப் பத்து நிமிடம் மாற்றாமல் வாசிக்கப் பழக வேண்டும். மிருதங்கம் பயின்ற இளைஞர்கள் முதல் ஒத்திகைகளில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆடிவேல் ஊர்வலத்தில் தேரோடு நடந்துகொண்டே வாசிக்கும் தவில்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும் மக்களின் கால்களுக்காக வாசிப்பது எப்படியென்று அவருக்குத் தெரியும்.

தமிழில் ஃபங்க் பாட முடியுமா?

முடியும், அதுவும் மிக நன்றாக. தமிழின் மாத்திரைக் கணக்கு இதற்கென்றே வாய்த்ததுபோல் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஒரு சிறு அடிக்கு ஒரு குறிலை வைத்துக்கொண்டு, “பத்து மணி பஸ்ஸு போச்சு” என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். “பத்” என்ற இடத்தில் வல்லின ஒற்று ஓசையை ஒரு கணம் அடைக்கிறது, “து” அதைத் திறக்கிறது. ஃபங்க் கிற்றார்காரர் இடது கை விரல்களைச் சற்றுத் தளர்த்திக் கம்பியின் ஒலியை வெட்டுவதும் இதே அடைப்புக்காகத்தான். “மணி” ஓடுகிறது, “போச்” நீண்டு நின்று மறுபடி அடைபடுகிறது. ஒரு வரிக்குள் நிறுத்தமும் ஓட்டமும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. திருப்புகழின் சந்தங்களை நாவில் பழக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இங்கே தடையாக இருப்பது எழுத்து நடை. மேடையில் பாட எடுத்துவரப்படும் தமிழ் வரிகள் பெரும்பாலும் மெல்லிசைக்கு எழுதப்பட்டவை. நெடில்களும் மெல்லினமும் நிறைந்து, இழுத்துப் பாடத் தோதானவை. அவற்றை ஃபங்க் தாளத்தில் ஏற்றினால் வரி வழுக்கிவிடும். கொழும்புத் தெருக்களில் நாம் பேசும் பேச்சிலிருந்து, குறுகிய வாக்கியங்களில், வல்லினத்தை நம்பி எழுத வேண்டும். எண்பதுகளில் இளையராஜா அமைத்த பேஸ் கிற்றார் வரிகள் சிலவற்றில் ஃபங்கின் நடை தெளிவாகவே கேட்கிறது என்பதால், தமிழ்க் காதுக்கு இந்தத் தாளம் அந்நியம் என்ற வாதமும் நிற்காது. நகரின் குழுக்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பாடுகின்றன. சொந்தத் தமிழ்ப் பாடல்கள் மிகக் குறைவு. இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளம் பாடலாசிரியர்களிடம் நான் மனதார வேண்டுவது இந்தக் குறையை நிரப்புவதைத்தான்.

எல்லாக் குழுவிலும் ஒரே முகங்களைப் பார்க்கிறேனே, ஏன்?

நல்ல ட்ரம்ஸ்காரரும் பேஸ் கிற்றார்காரரும் சிலரே என்பதால். ஞாயிறு காலையில் ஆராதனையில் வாசிப்பவர் பகலில் ஜாஸ் நால்வரிலும் மாலையில் திருமண வரவேற்பிலும் வாசிப்பார். இதனால் ஒத்திகைக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது குறை; எந்த இசையையும் எவரோடும் உடனே வாசிக்கும் திறமை வளர்கிறது என்பது அதே நிலைமையின் நிறை.

இந்தக் குழுக்கள் எப்படிப் பிழைக்கின்றன?

ஃபங்கால் மட்டும் எவரும் பிழைப்பதில்லை. திருமணங்கள், நிறுவனங்களின் ஆண்டிறுதி விருந்துகள், டிசம்பர் 31ஆம் திகதி இரவு, ஹோட்டல் ஒப்பந்தங்கள், மாலைதீவு, வளைகுடா நாடுகளின் ஹோட்டல்களில் சில மாத வேலை, இசைப்பாடம் கற்பித்தல் ஆகியவற்றால் வாழ்கிறார்கள். அவ்வாறு ஈட்டியதைக் கொண்டே தாம் விரும்பும் இசையை வாசிக்கிறார்கள். மதுச்சாலையில் வாசிக்கும்போது பெரும்பாலும் குழு முழுவதற்கும் ஒரு தொகைதான். அதை மூவர் பகிர்ந்தால் ஓரளவு கையில் நிற்கும். மூன்று ஊதுகருவிகளோடு எண்மராக வந்தால் போக்குவரத்துச் செலவுக்குப் போதாது. கொழும்புக் குழுக்களில் ஊதுகருவிகள் குறைந்து கீபோர்ட்காரரே ட்ரம்பெட் ஒலியையும் வாசிக்கும் வழக்கம் வந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

2022இல் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, கம்பி, சாக்சபோன் ரீட், மேளத் தோல், ஒலிவாங்கி என இறக்குமதியாகும் எல்லாவற்றின் விலையும் எகிறியது. சம்பளமோ ரூபாயில்தான். கடற்காற்றில் கிற்றார் கம்பி விரைவில் துருப்பிடிக்கும் இந்நகரத்தில் இது சிறிய விடயம் அல்ல. ஆகவே, நுழைவுக் கட்டணம் வாங்கும் கச்சேரி ஒன்று அறிவிக்கப்பட்டால், இலவச அனுமதிச்சீட்டுக்குத் தெரிந்தவரைத் தேடாமல் பணம் கொடுத்து உள்ளே போங்கள். குழு தன் சொந்த இசையை வாசிக்கும் இரவு அதுதான். அந்த இரவில் நாற்காலிகள் நிறைந்தால்தான் அடுத்த இரவு உண்டு.

எனக்கு ஓரளவு வாசிக்கத் தெரியும். ஒரு குழுவில் சேர்வது எப்படி?

முதலில் போய்க் கேளுங்கள், பல முறை கேளுங்கள். இடைவேளையில் கலைஞர்களிடம் பேசுங்கள். இந்நகரத்து ஜாஸ் கலைஞர்கள் பேசுவதற்கு எளியவர்கள். மியூசிக்மெட்டர்ஸ் போன்ற இசைப் பள்ளிகளில் கூட்டு வாசிப்புக்குப் பயிற்சி கிடைக்கும். லண்டன் இசைக் கல்லூரிகளின் தரப் பரீட்சைகளை நம் வீடுகளில் மிகவும் மதிக்கிறோம். சுரம் வாசித்தறிவதற்கு அவை நல்ல அடித்தளம். ஆனால் எட்டாம் தரம் சித்தியடைந்த பிள்ளை, மற்ற நால்வரோடு சேர்ந்து ஒரு வரியை நிலையாக வாசிக்கத் திணறுவதையும் அடிக்கடி காண்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். ஹேர்பி ஹென்கொக் 1973இல் வெளியிட்ட ஹெட் ஹன்டர்ஸ் இசைத்தட்டின் முதல் பாடலைப் போட்டு, அதன் தொடக்கத்து பேஸ் வரியை மட்டும் கூடவே வாசியுங்கள். அழகுபடுத்த வேண்டாம், கூட்ட வேண்டாம். கை தானாக வேகமெடுக்க முயலும், அதை அடக்குங்கள். அடுத்ததாக அதே வரியைப் பாதி ஒலி அளவில் வாசியுங்கள். மெல்ல வாசிக்கும்போதும் தாளம் இறுக்கமாக இருந்தால், எந்தக் குழுவும் உங்களை ஒத்திகைக்கு அழைக்கும்.

ஹமொன்ட் ஓர்கன் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய பி-3 ஓர்கன் இருக்கையும் பாத மிதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ளது. மாடிப்படி உள்ள விடுதிக்கு அதை ஏற்றுவது மிகக் கடினம். அதன் ஒலியைத் தரும் நவீன கீபோர்டுகளே போதும். கிடைக்கும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுங்கள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தால் அயலவர் முறையிடுகிறார்கள். என்ன செய்வது?

வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் ட்ரம்ஸ் வாசிப்பது நடவாத காரியம். அவர்கள் முறையிடுவது நியாயமே. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பகல் நேரத்துத் தேவாலய மண்டபங்களையும் கேட்டுப் பார்க்கலாம். திறந்தவெளி நிகழ்ச்சி நடத்துவோர், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் திருமண வரவேற்புக்கு ஃபங்க் குழுவை அழைக்கலாமா?

தாராளமாக அழைக்கலாம். காலையில் நாதஸ்வரமும் மாலையில் ஃபங்குமாக நடந்த திருமணங்களில் பெரியவர்களும் எழுந்து ஆடியதைப் பார்த்திருக்கிறேன். குழுவைப் பேசும்போது எத்தனை பேர் வருவார்கள், ஊதுகருவிகள் உண்டா என்று கேளுங்கள். பணம் கொஞ்சம் கூடினாலும் ஒரு ட்ரம்பெட்டும் ஒரு சாக்சபோனுமாவது வரட்டும். மண்டபத்தின் ஒலி அமைப்பாளரைக் குழுவோடு முன்னரே பேச வையுங்கள், மாலை விருந்தினர் வருமுன் ஒலி பரிசோதிக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். விருந்தினர் சாப்பிடும் நேரத்துக்கு சோல் ஜாஸ், சாப்பாடு முடிந்த பின் ஃபங்க், கடைசி அரை மணி நேரம் பைலா என்ற ஒழுங்கு கொழும்பில் நன்றாகவே எடுபடுகிறது. பாடல் பட்டியலை முழுவதும் நீங்களே தீர்மானிக்காமல், குழு தன் விருப்பத்துக்கு வாசிக்க மூன்று நான்கு பாடல்களுக்காவது இடம் விடுங்கள். கலைஞர்களுக்குச் சாப்பாடு எப்போது, எங்கே என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.